அமெரிக்காவில் ஆண்டு இறுதி டபிள்யூ-2, 1099 படிவங்கள்: சிறு முதலாளிகள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் உணவகம், மளிகைக் கடை, நடனப் பள்ளி, மென்பொருள் ஆலோசனை நிறுவனம் என்று சிறிய அளவில் தொழில் நடத்தும் தமிழர்களுக்குச் சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜனவரி பிறந்தால் அவர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான்: "படிவத்தை எந்த இணையதளத்தில் ஏற்றுவது?" அதற்குப் பதில் சொல்வது எளிது. கடினமான வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆளைச் சரியாக வகைப்படுத்த வேண்டும், பெயரையும் வரிக்கான அடையாள எண்ணையும் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும், ஆண்டு முழுவதும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே கேள்விகளையும் அந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

டபிள்யூ-2 யாருக்கு, 1099 யாருக்கு?

உங்களிடம் ஊழியராக வேலை பார்த்தவருக்கு டபிள்யூ-2. அவருக்குக் கொடுத்த சம்பளம், அதில் பிடித்த கூட்டாட்சி வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதிய) வரி, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீட்டு) வரி எல்லாம் அதில் இருக்கும். தன் சொந்தத் தொழிலாக உங்களுக்கு ஒரு வேலையை முடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரருக்கு 1099-என்.இ.சி. படிவம். அதில் கொடுத்த தொகை மட்டும் இருக்கும். வரியை அவரே கட்டிக்கொள்வார். 2019 வரைக்குமான கணக்கில் இந்தத் தொகை 1099-மிஸ்க் படிவத்தின் 7-ஆம் கட்டத்தில் எழுதப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தனிப் படிவமாகிவிட்டது. 1099-மிஸ்க் இன்னும் இருக்கிறது. கடை வாடகை போன்றவற்றுக்கு அதுதான்.

எங்கள் சமையல்காரரே "எனக்கு 1099 போதும், வரி பிடிக்காதீர்கள்" என்கிறார். இருவருக்கும் சம்மதம் என்றால் செய்யலாம் அல்லவா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நீங்கள் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஒருவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்பதை நீங்களும் அவரும் பேசி முடிவு செய்ய முடியாது. வேலை நடக்கும் விதம்தான் அதை முடிவு செய்கிறது. வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். மூன்று கோணங்களில் பார்க்கும். எப்போது, எங்கே, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? கருவி, முதலீடு, லாப நஷ்டம் யாருடையது? உறவு தொடர்ச்சியானதா, ஒரு வேலையோடு முடிவதா? உங்கள் சமையலறையில், உங்கள் அடுப்பில், நீங்கள் போட்ட பட்டியல்படி, காலை 10 மணிக்கு வந்து இரவு 10 மணிக்குப் போகிறவர் ஊழியர். அவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாலும் ஊழியர்தான். உங்கள் கடையின் குளிர்பதன அறையைப் பழுதுபார்க்கத் தன் வண்டியில் தன் கருவிகளோடு வந்து, பத்துக் கடைகளுக்கு அதே வேலையைச் செய்துவிட்டு, பில் கொடுக்கிறவர் ஒப்பந்தக்காரர்.

நடனப் பள்ளிகளில் இது கொஞ்சம் சிக்கல். ஆண்டு விழாவுக்கு ஒரு நாள் வந்து மிருதங்கம் வாசிப்பவர் ஒப்பந்தக்காரர். ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் பாடத்திட்டப்படி உங்கள் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் உதவி ஆசிரியரை அப்படிச் சொல்வது கடினம். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் 'ஏ.பி.சி.' சோதனையில் ஒருவர் ஒப்பந்தக்காரர்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

இதில் நஷ்டப்படுவது யார் என்று பாருங்கள். ஊழியராக இருந்தால் சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் சேர்த்து அவர் 7.65 சதவீதம், நீங்கள் 7.65 சதவீதம். 1099 கொடுத்தால் 15.3 சதவீதமும் அவர் தலையில். வரி பிடிக்காமல் கையில் வந்த பணம் பெரிதாகத் தெரியும். ஏப்ரலில் கட்ட வேண்டிய தொகையைப் பார்த்தபின் பலர் கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது அவர் பெயரில் சோஷியல் செக்யூரிட்டி வரவே பதிவாகாது. முதுமைக்கால ஓய்வூதியத்துக்கு, வரி கட்டிய வேலைக்குச் சேரும் 'கிரெடிட்' என்ற புள்ளி 40 வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 4 தான் சேரும். பத்து ஆண்டுகள் உங்கள் அடுப்படியில் நின்றவருக்கு அந்தப் பத்து ஆண்டுகளும் வெறுமையாகிவிடும். வேலையிழப்பு நிதி, வேலையிடத்தில் காயம்பட்டால் கிடைக்கும் இழப்பீடு ஆகியவையும் ஊழியருக்குத்தான் உண்டு. எண்ணெய் கொட்டிக் கை வெந்தால் அன்றைக்கே கேள்வி உங்களிடம் வரும்.

அவருக்குச் சந்தேகம் வந்தால் எஸ்.எஸ்.-8 என்ற படிவம் போட்டு ஐ.ஆர்.எஸ்.ஸையே தீர்ப்புக் கேட்கலாம். நீங்களும் கேட்கலாம். ஏற்கெனவே தவறாக 1099 கொடுத்து வந்தவர்கள் தாமாக முன்வந்து திருத்திக்கொள்ள ஒரு சமரசத் திட்டம் இருக்கிறது. முந்தைய ஆண்டுகளில் 1099 ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால்தான் அதில் சேர முடியும். அதைப் பற்றி உங்கள் கணக்காளரிடம் (சி.பி.ஏ.) கேளுங்கள், ஐ.ஆர்.எஸ். கடிதம் வருவதற்கு முன்பே.

ஊழியரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் முதல் நாள் என்ன வாங்கி வைக்க வேண்டும்?

ஊழியரிடம் டபிள்யூ-4, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் படிவம்; ஒப்பந்தக்காரரிடம் டபிள்யூ-9, அதாவது அவர் பெயர், முகவரி, வரி எண் தரும் படிவம். டபிள்யூ-9 கைக்கு வருமுன் முதல் காசோலையை எழுத வேண்டாம். இது ஒன்றைக் கடைப்பிடித்தால் உங்கள் ஜனவரித் தலைவலி பாதி குறையும். வேலை முடிந்து பணமும் வாங்கிப் போனவரை அடுத்த ஜனவரியில் தேடிப் பிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

டபிள்யூ-9 தர மறுக்கிறார். என்ன செய்வது?

அவருக்குக் கொடுக்கும் தொகையில் 24 சதவீதத்தைப் பிடித்து ஐ.ஆர்.எஸ்.ஸுக்குக் கட்ட வேண்டும். அதை 945 என்ற படிவத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அப்படிப் பிடித்தால் தொகை எவ்வளவு சிறியதானாலும் 1099 கொடுத்தாக வேண்டும். "சட்டப்படி பிடிக்க வேண்டியிருக்கிறது" என்று பணிவாகச் சொன்னாலே பெரும்பாலும் அன்று மாலைக்குள் படிவம் வந்துவிடும்.

எங்கள் ஊழியரின் பெயர் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எதை எழுதுவது?

தமிழர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. நம் பெயர் மரபில் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் முதலெழுத்தோடு எழுதுவார், இன்னொருவர் தந்தை பெயரைக் கடைசியில் வைப்பார். கடவுச்சீட்டில் முதற்பெயருக்கான இடம் காலியாக இருந்து, விசாவில் "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கமான 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்தோடு வந்தவர்களும் உண்டு. வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் தலைகீழாக ஒரு பெயர்.

டபிள்யூ-2-க்கு ஒரே விதிதான்: சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே. முன்பெயர் முன்பெயர்க் கட்டத்தில், கடைசிப் பெயர் கடைசிப் பெயர்க் கட்டத்தில். அழைக்கும் பெயர், சுருக்கப் பெயர் எதுவும் கூடாது. அட்டையிலேயே தவறு இருந்தால் ஊழியர் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய் முதலில் அதைத் திருத்த வேண்டும். அதுவரை அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

பெயரும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சம்பளம் அவர் கணக்கில் ஏறாமல் தனியே ஒரு கோப்பில் கிடக்கும். ஓய்வு பெறும் வயதில்தான் ஒரு வருஷத்துச் சம்பளம் காணவில்லை என்று அவருக்குத் தெரியவரும். இதைத் தடுக்க சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமே முதலாளிகளுக்கு ஒரு சரிபார்ப்புச் சேவையை இலவசமாகத் தருகிறது. ஒரே நேரத்தில் 10 பெயர்கள் வரை தட்டச்சு செய்தால் உடனே பதில். பெரிய பட்டியலைக் கோப்பாக ஏற்றலாம். டிசம்பரில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்களுக்கு மட்டும்தான் இதைப் பயன்படுத்தலாம். வேலைக்கு எடுக்கலாமா என்று பார்ப்பதற்கு அல்ல. பெயர் பொருந்தவில்லை என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது.

கெடு எப்போது?

ஜனவரி 31. ஊழியர் கையில் டபிள்யூ-2 கிடைப்பதற்கும், அரசுக்குத் தாக்கல் செய்வதற்கும், 1099-என்.இ.சி.க்கும் அதே நாள்தான். அது வார விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள். 2027-இல் ஜனவரி 31 ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிப்ரவரி 1.

ஒரு காலத்தில் மின்வழியில் அனுப்புகிறவர்களுக்கு மார்ச் இறுதிவரை நேரம் இருந்தது. பிறர் பெயரில் பொய்க் கணக்குக் காட்டி வரித் தொகையைத் திரும்பப் பெறும் மோசடி பெருகியதால், 2015 டிசம்பரில் வந்த சட்டம் கெடுவை முன்னே கொண்டுவந்தது. முதலாளி அனுப்பிய சம்பள விவரம் கையில் இருந்தால்தான் பணத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் ஐ.ஆர்.எஸ். ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கடை வாடகைக்கான 1099-மிஸ்க்கை அரசுக்குத் தாக்கல் செய்வது மட்டும், மின்வழியில் என்றால், மார்ச் 31 வரை தாங்கும்.

எத்தனை படிவம் இருந்தால் மின்வழித் தாக்கல் கட்டாயம்?

பத்து. முன்பு 250 ஆக இருந்தது. 2024 ஜனவரி முதல் தாக்கல் செய்யும் படிவங்களுக்கு 10 ஆகக் குறைக்கப்பட்டது. பலர் சறுக்குவது எண்ணும் முறையில்தான். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எண்ணக் கூடாது. 6 டபிள்யூ-2, 3 1099-என்.இ.சி., கடை இடத்தை வாடகைக்கு விட்டவருக்கு ஒரு 1099-மிஸ்க் என்றால் மொத்தம் பத்தாகிவிட்டது. பத்தும் மின்வழியில்தான் போக வேண்டும். காகிதத்தில் அனுப்பினால் அதற்கும் அபராதம் உண்டு. உண்மையான இடர்ப்பாடு இருந்தால் 8508 என்ற படிவத்தில் விலக்குக் கேட்கலாம்.

பத்துக்குக் கீழே இருந்தாலும் மின்வழியே நல்லது என்பேன். அரசுக்குப் போகும் நகலான 'காப்பி ஏ'-வை இணையத்திலிருந்து அச்சிட்டு அனுப்ப முடியாது. அதற்குச் சிவப்பு மையில் அச்சான தனித்தாள் வாங்க வேண்டும். மின்வழியில் டபிள்யூ-3, 1096 என்ற முகப்புப் படிவங்களைத் தனியே அனுப்பும் வேலையும் இல்லை.

டபிள்யூ-2-ஐ எங்கே தாக்கல் செய்வது? ஐ.ஆர்.எஸ். தளத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

கிடைக்காது. டபிள்யூ-2 போவது சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்கு. அவர்களுடைய 'பிசினஸ் சர்வீசஸ் ஆன்லைன்' என்ற தளத்தில் இலவசமாகத் தாக்கல் செய்யலாம். உள்ளே நுழைய 'லாகின்.கவ்' அல்லது 'ஐடி.மீ' கணக்கு வேண்டும். பின்னர் உங்கள் நிறுவனத்தின் 9 இலக்க முதலாளி எண்ணோடு உங்களை இணைக்க வேண்டும். தபாலில் வரும் குறியீட்டுக்காகக் காத்திருக்கும் கட்டமும் இதில் வரலாம் என்பதால் டிசம்பர் முதல் வாரத்திலேயே பதிவை முடித்துவிடுங்கள். ஜனவரி 30 இரவு உட்கார்ந்தால் நடக்காது.

உள்ளே போனதும் இரண்டு வழிகள். சிறு முதலாளிகளுக்கு 'டபிள்யூ-2 ஆன்லைன்'. திரையில் தெரியும் படிவத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் கட்டம் கட்டமாக நிரப்பலாம். ஒரு அறிக்கையில் 50 பேர் வரை. பாதியில் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். எல்லாம் முடிந்ததும் மொத்தத் தொகைகளைக் கூட்டி டபிள்யூ-3-ஐ அதுவே காட்டும். அந்தத் திரையில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். உங்கள் கணக்குப் புத்தகத்து மொத்தத்தோடு ஒரு டாலர்கூட வித்தியாசப்படக் கூடாது. அனுப்பிய பிறகு ஒரு ரசீது எண் வரும். அதையும் படிவங்களின் பி.டி.எஃப். நகலையும் உடனே தரவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள்; அந்த நகல் தளத்தில் காலாகாலத்துக்கும் இருக்காது.

இரண்டாவது வழி, சம்பள மென்பொருள் உருவாக்கும் 'இ.எஃப்.டபிள்யூ.2' கோப்பை ஏற்றுவது. ஒவ்வொரு வரியும் சரியாக 512 எழுத்து நீளம் கொண்ட உரைக் கோப்பு அது. முதலில் 'அக்யூவேஜ்' என்ற இலவசச் சோதனையில் போட்டுப் பார்த்துப் பிழை இல்லை என்று உறுதி செய்தபின் ஏற்றுங்கள். அக்யூவேஜ் வடிவத்தைத்தான் சோதிக்கும். பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்காது.

1099-ஐ எங்கே தாக்கல் செய்வது?

ஐ.ஆர்.எஸ்.ஸின் 'ஐரிஸ்' தளத்தில். 2023 ஜனவரியில் திறக்கப்பட்டது, கட்டணம் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யலாம், அல்லது அவர்கள் தரும் மாதிரிக் கோப்பில் நிரப்பி ஒரே தடவையில் 100 படிவங்கள் வரை ஏற்றலாம். பல ஆண்டுகளாக இருந்துவந்த 'ஃபயர்' என்ற பழைய தளம் 2026 டிசம்பர் 31-ஆம் தேதியோடு விடைபெறுகிறது. 2027 ஜனவரியில் பழைய வழியைத் தேடிப் போகாதீர்கள்.

ஐரிஸுக்குள் நுழைய ஐந்து எழுத்துள்ள ஒரு அனுப்புநர் குறியீடு வேண்டும். 'ஃபயர்' தளத்துக்கு வாங்கியிருந்த குறியீடு இங்கே செல்லாது. விண்ணப்பித்த பிறகு குறியீடு கிடைக்க 45 வேலை நாட்கள் வரை ஆகலாம் என்று ஐ.ஆர்.எஸ்.ஸே சொல்கிறது. எனவே நவராத்திரிக் கொலு எடுத்து வைக்கும் நாட்களில் விண்ணப்பித்துவிடுங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வது வழக்கம். தவறவிட்டால் ஐ.ஆர்.எஸ். அனுமதி பெற்ற தனியார் தாக்கல் நிறுவனங்கள் உண்டு. படிவத்துக்குச் சில டாலர் வாங்கிக்கொண்டு தங்கள் குறியீட்டிலேயே அனுப்பித் தருவார்கள்.

1099 கொடுக்க வேண்டிய வரம்பு 600 டாலரா, 2,000 டாலரா?

2025-இல் கொடுத்த பணத்துக்கு 600. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் பணத்துக்கு 2,000. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் இதை உயர்த்தியது; 2027-இலிருந்து விலைவாசிக்கு ஏற்ப மாறும். முழு ஆண்டில் ஒருவருக்குக் கொடுத்த மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். 1,500 டாலர் வாங்கிய ஒப்பந்தக்காரருக்கு 1099 வராது. ஆனால் அவருக்கு அது வருமானம்தான், அவர் கணக்கில் காட்டியாக வேண்டும். டபிள்யூ-2-க்கு இந்த வரம்பு பொருந்தாது. ஊழியரின் சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் தொகை எவ்வளவானாலும் படிவம் உண்டு.

யாருக்கெல்லாம் 1099 தேவையில்லை?

சி அல்லது எஸ் கார்ப்பரேஷனாக வரி கட்டும் நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. மென்பொருள் ஆலோசனைத் தொழிலில் நிறுவனத்துக்கு நிறுவனம் என்று ஒப்பந்தம் போடுவதில் பெரும்பாலானவை இப்படி விடுபடும். வழக்கறிஞர்களுக்கு இந்த விலக்கு இல்லை. அவர் கார்ப்பரேஷனாக இருந்தாலும் படிவம் கொடுக்க வேண்டும். எல்.எல்.சி. என்று பெயரில் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டபிள்யூ-9-இல் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

கிரெடிட் கார்டில் கொடுத்த தொகையை 1099-என்.இ.சி.யில் சேர்க்கக் கூடாது. அதற்கான கணக்கைக் கார்டு நிறுவனம் 1099-கே வழியாகக் காட்டும். ஆனால் 'ஸெல்' வழியாக அனுப்பியது வங்கியிலிருந்து வங்கிக்குப் போன பணம்; காசோலை கொடுத்ததற்குச் சமம். அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பொருள் வாங்கியதற்கு 1099 இல்லை. அரிசி மூட்டை கொடுத்தவருக்கு வேண்டாம். அலமாரி பொருத்திக் கொடுத்தவருக்கு வேண்டும்.

கோயம்புத்தூரில் உட்கார்ந்து எங்களுக்கு நிரல் எழுதுகிறவருக்கு?

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், முழு வேலையையும் இந்தியாவில் இருந்தே செய்கிறார் என்றால் 1099 வேண்டாம், இங்கே வரிப் பிடித்தமும் இல்லை. வேலை நடந்த இடம்தான் கணக்கு. தான் வெளிநாட்டவர் என்று அவர் சான்றளிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நிறுவனமாக இருந்தால் அதன் கடைசியில் 'இ' சேர்ந்த வேறு படிவம். அவர் இரண்டு மாதம் இங்கே வந்து தங்கி வேலை செய்தால் கதை மாறும். அந்தப் பகுதிக்கு, வெளிநாட்டவருக்குக் கொடுத்த தொகையைக் காட்டும் 1042-எஸ் படிவமும் வரிப் பிடித்தமும் வரலாம். விமான டிக்கெட் போடுமுன் கேளுங்கள்.

ஓ.பி.டி.யில் (படிப்புக்குப் பின் வேலை செய்ய மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி) வேலை செய்யும் மாணவரின் டபிள்யூ-2-இல் 3, 5-ஆம் கட்டங்கள் காலியாக இருக்கலாமா?

இருக்கலாம், பெரும்பாலும் இருக்க வேண்டும். 3-ஆம் கட்டம் சோஷியல் செக்யூரிட்டிக்கான சம்பளம், 5-ஆம் கட்டம் மெடிகேருக்கான சம்பளம். எஃப்-1 விசாவில் வந்து, வரிச் சட்டப்படி இன்னும் 'குடியிருப்பாளர்' ஆகாத மாணவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் கிடையாது. பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள். ஆண்டின் ஒரு நாள் இங்கே இருந்தாலும் அது ஓர் ஆண்டாகக் கணக்கில் வரும். எச்-1பி-க்கு மாறிய நாளிலிருந்து பிடித்தம் தொடங்கிவிட வேண்டும். அந்த ஆண்டு ஒரே டபிள்யூ-2-இல் 1-ஆம் கட்டம் முழுச் சம்பளத்தையும், 3-ஆம் கட்டம் மாறிய பிறகு வந்த சம்பளத்தை மட்டும் காட்டும்.

தவறாகப் பிடித்துவிட்டால் பிடித்த பணத்தை ஊழியரிடம் திருப்பிக் கொடுத்து, 941-எக்ஸ், டபிள்யூ-2சி படிவங்களில் திருத்துங்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இல்லை. 40 கிரெடிட் சேராமல் ஊர் திரும்பும் இளைஞருக்கு இந்தப் பணம் பின்னாளில் எந்த வழியிலும் பயன்படாது. அவருடைய பணத்தை அவரிடம் சேர்ப்பதில் சோம்பல் காட்டாதீர்கள்.

1-ஆம் கட்டமும் 3-ஆம் கட்டமும் ஏன் வேறு வேறு தொகையைக் காட்டுகின்றன? தவறா?

தவறில்லை. ஓர் உதாரணம். ஆண்டுச் சம்பளம் 80,000 டாலர். ஊழியர் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் 5,000 போட்டார். மருத்துவக் காப்பீட்டுக்கு வரிக்கு முந்தைய பிடித்தமாக 3,000 போயிற்று. இரண்டையும் கழித்தால் 1-ஆம் கட்டம் 72,000. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்குக் காப்பீட்டுப் பிடித்தத்தை மட்டும்தான் கழிக்கலாம், 401(கே)-ஐக் கழிக்க முடியாது. எனவே 3-ஆம் 5-ஆம் கட்டங்களில் 77,000. அதில் 6.2 சதவீதம் 4,774. அது 4-ஆம் கட்டம். 1.45 சதவீதம் 1,116.50, அது 6-ஆம் கட்டம். 401(கே) தொகை 12-ஆம் கட்டத்தில் 'டி' (D) என்ற குறியோடு வரும்; 13-இல் ஓய்வூதியத் திட்டம் என்ற இடத்தில் குறியிட வேண்டும். சோஷியல் செக்யூரிட்டிக்கு உச்சவரம்பு உண்டு: 2025-இல் 1,76,100 டாலர், 2026-இல் 1,84,500. மெடிகேருக்கு வரம்பு கிடையாது.

அனுப்புவதற்கு முன் எதையெல்லாம் ஒப்பிட வேண்டும்?

காலாண்டுக்கு ஒருமுறை சம்பள வரிக் கணக்குக் காட்டும் 941 படிவங்கள் நான்கின் கூட்டுத்தொகையும் டபிள்யூ-3 மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டாட்சி வரிப் பிடித்தம், சோஷியல் செக்யூரிட்டிச் சம்பளம், மெடிகேர்ச் சம்பளம் என்று ஒவ்வொன்றாக. ஐ.ஆர்.எஸ்.ஸும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமும் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இடித்தால் ஓராண்டு கழித்துக் கடிதம் வரும். அடிக்கடி காணும் காரணம் தேதிக் குழப்பம். டிசம்பர் வேலைக்கு ஜனவரி 2-இல் கொடுத்த சம்பளம் அடுத்த ஆண்டுக்குரியது. வேலை செய்த நாளைப் பார்க்கக் கூடாது, பணம் கொடுத்த நாளைத்தான் பார்க்க வேண்டும்.

கூடுதல் நேரச் சம்பளத்துக்கும் டிப்ஸுக்கும் 2026-இல் புதிதாக ஏதாவது உண்டா?

உண்டு, உணவகக்காரர்கள் கவனியுங்கள். 2025 முதல் 2028 வரை, தகுதியுள்ள ஊழியர்கள் தங்கள் டிப்ஸில் 25,000 டாலர் வரையும், கூடுதல் நேரச் சம்பளத்தின் மிகைப் பகுதியில் 12,500 வரையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2026-ஆம் ஆண்டு டபிள்யூ-2-இல் இதற்கென 12-ஆம் கட்டத்தில் டிப்ஸுக்கு 'டி.பி.' (TP), கூடுதல் நேரத்துக்கு 'டி.டி.' (TT) என்ற குறிகள் வந்துள்ளன. ஒன்றரை மடங்குச் சம்பளத்தில் அந்த அரை மடங்கு மட்டும்தான் மிகைப் பகுதி. ஆண்டு முழுவதும் தனியே பதிந்து வந்தால்தான் ஜனவரியில் எழுத முடியும். நீங்கள் எழுதாமல் விட்டால் ஊழியர் தன் சலுகையைக் கேட்பது கடினமாகிவிடும்.

சம்பள வேலையை ஒரு பேரோல் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கவலை இல்லை அல்லவா?

பொறுப்பு உங்களுடையதுதான். அவர்கள் தாக்கல் செய்யாவிட்டால் அபராதக் கடிதம் உங்கள் முகவரிக்கு வரும். டபிள்யூ-2 அனுப்புவார்கள், 1099-ஐயும் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அது தனிக் கட்டணம். ஆண்டு நடுவில் நிறுவனம் மாற்றினால் முந்தைய மாதங்களின் கணக்கு புதியவர்களிடம் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். இல்லையேல் ஒரே ஊழியருக்கு இரண்டு டபிள்யூ-2 போகும், அல்லது பாதி ஆண்டு காணாமல் போகும்.

மாநிலத்துக்கும் தனியே அனுப்ப வேண்டுமா?

மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சஸ், ஃபுளோரிடா மாநிலங்களில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. நியூ ஜெர்சிக்கு டபிள்யூ-2-ஐத் தனியே மின்வழியில் அனுப்ப வேண்டும். கலிபோர்னியா காலாண்டு அறிக்கையிலேயே விவரம் வாங்கிக்கொள்வதால் டபிள்யூ-2 கேட்பதில்லை. 1099-ஐப் பல மாநிலங்களுக்கு ஐ.ஆர்.எஸ்.ஸே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. உங்கள் மாநிலம் அதில் இருக்கிறதா, இருந்தாலும் தனியாகக் கேட்கிறதா என்று அந்த மாநில வரித்துறைத் தளத்தில் பாருங்கள்.

நாள் தவறினால் அபராதம் எவ்வளவு? அவகாசம் கிடைக்குமா?

2026-இல் தாக்கல் செய்ய வேண்டியவற்றுக்கு, 30 நாட்களுக்குள் அனுப்பினால் படிவத்துக்கு 60 டாலர். ஆகஸ்ட் 1-க்குள் 130. அதற்குப் பின் அல்லது அனுப்பாமலேயே விட்டால் 340. வேண்டுமென்றே விட்டது என்று முடிவானால் 680. இது அரசுக்கு அனுப்பாததற்கு. ஊழியருக்குக் கொடுக்காததற்கு அதே அளவு தனியே. ஆகவே தாமதமாகிவிட்டது என்று தெரிந்தால் அன்றே அனுப்புங்கள்.

அவகாசம் தானாகக் கிடைக்காது. டபிள்யூ-2-க்கும் 1099-என்.இ.சி.க்கும் அவகாசம் கேட்கும் 8809 படிவத்தைக் காகிதத்தில், கெடுவுக்கு முன்பே, பேரிடர், தீ விபத்து, கடும் நோய் போன்ற காரணத்தோடு அனுப்ப வேண்டும். ஒப்புக்கொண்டால் 30 நாள். வேலைப் பளு காரணமாகாது.

அனுப்பிய பிறகு தவறு கண்ணில் பட்டால்?

டபிள்யூ-2-க்கு டபிள்யூ-2சி, அதே தளத்தில் ஒரு அறிக்கையில் 25 வரை நிரப்பலாம். 1099-ஐ ஐரிஸிலேயே திருத்தலாம். டபிள்யூ-2சி-யில் தவறான கட்டங்களை மட்டும் பழைய தொகை, சரியான தொகை என்று இரண்டையும் காட்டித் திருத்துங்கள். முழுப் படிவத்தையும் மறுபடி அனுப்பினால் அவர் இருமுறை சம்பளம் வாங்கியதாகிவிடும். ஊழியருக்கும் நகல் கொடுங்கள். அவர் ஏற்கெனவே வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்கக்கூடும்.

ஊழியருக்கு டபிள்யூ-2-ஐ மின்னஞ்சலில் அனுப்பலாமா?

அவர் முன்கூட்டியே சம்மதம் தந்திருந்தால் மின்வழியில் கொடுக்கலாம், இல்லையென்றால் காகிதம்தான். சாதாரண மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவதை நான் ஏற்பதில்லை. கடவுச்சொல்லோடு நுழையும் தளத்தில் வையுங்கள். ஊழியர் நகலில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டலாம். அரசுக்கு அனுப்புவதில் முழு எண் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. முதலாளி பெயரில் கணக்காளருக்கு மின்னஞ்சல் வரும்: "எல்லா ஊழியர்களின் டபிள்யூ-2-ஐயும் உடனே அனுப்பவும்." ஐ.ஆர்.எஸ். பல ஆண்டுகளாக எச்சரித்துவரும் மோசடி இது. அனுப்பிவிட்டால் அத்தனை பேர் பெயரிலும் பொய்க் கணக்குப் போட்டுப் பணத்தைச் சுருட்டிவிடுவார்கள். அப்படி ஒரு கோரிக்கை வந்தால் தொலைபேசியில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் பணிப்பெண்ணுக்கும் டபிள்யூ-2 உண்டா?

2026-இல் அவருக்கு 3,000 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுத்தால் உண்டு. நீங்கள் ஒரு முதலாளி எண் வாங்கி, டபிள்யூ-2-ஐ மேலே சொன்ன தளத்தில் அனுப்பி, உங்கள் சொந்த வரிக் கணக்கோடு வீட்டுப் பணியாளர் வரிக்கான 'ஷெட்யூல் எச்' படிவத்தை இணைக்க வேண்டும். உங்கள் வீட்டில் நீங்கள் சொல்லும் நேரத்தில் வேலை பார்ப்பவர் ஒப்பந்தக்காரர் அல்ல.

நகல்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

சம்பள வரி ஆவணங்களைக் குறைந்தது நான்கு ஆண்டுகள். டபிள்யூ-4, டபிள்யூ-9, 941 நகல்கள், தாக்கல் ரசீது எண்கள் எல்லாம் இதில் அடங்கும். வேலையை விட்டுப் போனவர் முகவரி மாறி, அவருடைய டபிள்யூ-2 தபாலில் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல், அஞ்சல் முத்திரையோடு அப்படியே நான்கு ஆண்டுகள் கோப்பில் வையுங்கள். என்றைக்காவது அவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். நீங்கள் உரிய நாளில் அனுப்பியதற்கும் அதுவே சான்று.